பட்டியலில் இல்லாத முடக்கு

கடல் முந்தாநாள் முடிந்தது.
பொத்துவில் மணல் இன்னும் பின்சீற்றுக்கு அடியில்.
திருக்கோவிலில் வாங்கிய கருவாடு
ஏழு பைகளுக்குள் சுற்றியும் மணக்கிறது
நுவரெலியாக் குளிரில்.

ரொறன்ரோவிலிருந்து வந்த பாஸ்கரமூர்த்தி அண்ணர்
போனில் பட்டியல் வைத்திருக்கிறார்.
லபுக்கலை, தேநீரும் கேக்கும், இருபது நிமிடம்.
றம்பொடை அருவி, அரை மணி.
கொத்மலைத் தண்ணீர் மேலேயிருந்து, பத்து நிமிடம்,
வெயில் இருந்தால்.

இறக்கத்தில் பிரேக்கை நம்பக்கூடாது.
இரண்டாம் கியரில் விட்டு
எஞ்சினின் முனகலைக் கேட்டுக்கொண்டே இறங்கினேன்.

முதல் முடக்கில்
நீல சுவெட்டர் போட்ட ஒரு பையன்,
கை நிறைய டேலியா.
வேண்டாம் தம்பி, போவம் என்றார் அண்ணர்.

இரண்டாம் முடக்கில்
அதே நீலம், அதே டேலியா,
மூச்சு மட்டும் கொஞ்சம் கூட.
மகள் அபிரா கண்ணாடியில் மூக்கை அழுத்தினாள்.
"அப்பா, அந்தப் பெடியன்தானே இவன்?"

"இல்லம்மா, ரெட்டப் புள்ளைங்க" என்றேன்.

மூன்றாம் முடக்கிலும் நின்றான்.
"அப்ப இது?"
"அவங்க வீட்ல ஆளுங்க ஜாஸ்தி."
வேன் முழுக்கச் சிரிப்பு.
சாருமதி அக்கா கருவாட்டைக்கூட மறந்து சிரித்தார்.

ரோடு மலையைச் சுற்றிச் சுற்றிக் கும்பிடும்.
அவன் நேரே விழுவான்.
எந்தக் கானைத் தாண்ட வேண்டும்,
எந்தச் சவுக்கு மரத்தைப் பிடித்துத் திரும்ப வேண்டும்,
எந்தக் கல் ஆடும்,
எல்லாம் காலுக்குத் தெரியும்.
என் இடது முழங்காலுக்கும் தெரியும்,
நாலு தையல் அளவுக்கு.

நான்காம் முடக்கில்
பனி மட்டும் நின்றது.

நிறுத்தினேன்.

"இதென்ன இடம், தம்பி?"
அண்ணர் பட்டியலை விரலால் தள்ளித் தேடினார்.
"மூணாம் நம்பர் மலை" என்றேன்,
வாயில் வந்ததை.
இறங்கிவிட்டார்கள்.
ஒரு கொங்கிரீட் கட்டை, அதில் பாதி போன மஞ்சள் பூச்சு,
யாரோ வீசிய தயிர்ச்சட்டி,
அப்புறம் வெள்ளை.
"என்ன அமைதி" என்றார் அக்கா.
மூன்று பேரும் கட்டையில் சாய்ந்து
படம் எடுத்துக்கொண்டார்கள்.

நான் மேலே பார்த்துக்கொண்டிருந்தேன்.
அப்போதுதான் தெரிந்தது,
அந்த மலையைக் கவ்வாத்து வெட்டியிருக்கிறார்கள்.
இலையில்லை, பச்சையில்லை,
மிலாறெல்லாம் ஈட்டி ஈட்டியாக
வானத்தைப் பார்த்து நிற்கிறது.
கவ்வாத்து மலையில் ஓடக்கூடாது.
யாரும் சொல்லித் தருவதில்லை,
ஒருதரம் விழுந்தால் போதும்.

ஹோர்ன் அடித்தேன். ஒன்று. இரண்டு.
"ஏன் தம்பி, நேரமாச்சா?"
"இல்லண்ணே. பனி விலகட்டும்."

பனிக்குள்ளிருந்து நடந்து வந்தான்.
வார் அறுந்த செருப்பு ஒரு கையில்.
மறு கையில் தலை போன தண்டுகள், முழுதாக இரண்டு பூ.
கெண்டைக்காலில் சிவப்பாய் ஒரு நீளக் கோடு.
அவர்களைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.
"போயிருவீங்கன்னு நெனச்சேன், அண்ணே."

டாஷ்போர்டில் பின்னூசி இருந்தது.
செருப்பை வாங்கி வாரைக் கோத்தேன்.
அண்ணர் ஆயிரம் ரூபாய்த் தாளை நீட்டி
மிச்சம் வேண்டாம் என்றார்,
ரத்தத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பினார்.

அபிரா பூவை வாங்கிக்கொண்டு கேட்டாள்:
"மற்ற ரெண்டு பேரும் எங்க?"

பையன் என் முகத்தை ஒரு நொடி பார்த்தான்.
விளங்கிக்கொண்டான்.
"அவனுங்களா," என்றான்,
"ஸ்கூலுக்குப் போயிட்டானுங்க."

செவ்வாய்க்கிழமை. பத்தரை மணி.

ஐந்தாம் முடக்கை மிக மெதுவாக எடுத்தேன்.
அபிரா இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள்.
யாரும் இல்லை.
பிறகு அருவி வந்தது.
அரை மணி.